வீட்டுத் தோட்டத்திற்குச் சிறுநீர் உரம்

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது நமது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். கிடைக்காரருக்குக் கூலி கொடுத்து, இரவில் ஆடுகளை வயலில் அடைக்கிறோம். அவற்றின் புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் சேர வேண்டும் என்பதே இதன் நோக்கம். பசுவின் கோமியத்தையும் உரமாகக் கொள்கிறோம். மனிதரின் சிறுநீரை மட்டும் வீண்பொருளென்று ஒதுக்கிவிடுகிறோம். அதனை வீட்டுக் காய்கறிகளுக்குத் தீங்கின்றிப் பயன்படுத்தும் முறையை இங்கு ஆராய்வோம்.

சத்துக்களின் அளவு

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறுநீர் கழிக்கிறார். உணவிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியும், மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் கணிசமான பகுதியும் இதன் வழியே வெளியேறுகின்றன. நம் நாட்டு உணவுமுறையில், ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் சுமார் 2 கிலோ தழைச்சத்து இருப்பதாகக் கொள்ளலாம். அவ்வாறாயின், நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஓராண்டில் சேரும் தழைச்சத்து, 17 கிலோ யூரியாவில் உள்ளதற்குச் சமமாகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. திருச்சி மாவட்டம் முசிறியில், சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பிடம் 2006-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அங்குச் சேர்ந்த சிறுநீர் வாழைக்கு இட்டுச் சோதிக்கப்பட்டது.

சேகரிக்கும் முறை

முதல் விதி, மலம் சிறிதும் கலவாதிருத்தல். நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மலத்திலேயே உள்ளன. இரண்டாவது, இறுக மூடும் பிளாஸ்டிக் குடுவையில் சேர்த்தல். உலோகப் பாத்திரம் அரித்துவிடும். திறந்து வைத்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகும்; துர்நாற்றத்திற்கும் அதுவே காரணம். மூடி வைத்த சிறுநீரில் காரத்தன்மை உயர்வதால், கிருமிகள் நாளடைவில் அழிகின்றன.

ஒரு குடும்பத்தின் சிறுநீரை அக்குடும்பமே பயன்படுத்துவதாயின், ஒரு மாதம் சேமித்து வைப்பது நன்று. பல வீடுகளிலிருந்து சேர்ப்பதாயின், ஆறு மாதம் வைத்திருத்தல் வேண்டும். காய்ச்சல் கண்டவர், மருந்து உட்கொள்பவர் ஆகியோரின் சிறுநீரைச் சேர்க்கலாகாது.

இடும் முறை

ஒரு பங்கு சிறுநீருக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, மாலை வேளையில் இடுக. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு பள்ளம் கீறி, அதில் ஊற்றி, உடனே மண்ணால் மூடித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இலைமீது படலாகாது. ஒரு சதுர மீட்டர் பாத்திக்குப் பயிர்ப் பருவம் முழுமைக்கும், தண்ணீர் கலவாத சிறுநீர் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் போதும். அதனையும் பல தவணைகளாகப் பிரித்து இடுக.

கத்தரி, வெண்டை, பூசணி, புடல், வாழை ஆகியவை இதற்கு ஏற்றவை. பச்சையாக உண்ணும் காய்களுக்கும், விரைவில் பறிக்கும் கீரைகளுக்கும் தவிர்க்கவும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே நிறுத்திவிட வேண்டும். செடி கரும்பச்சையாகத் தழைத்துப் பூக்காமல் நின்றால், அளவு மிஞ்சியது என அறிக.

சிறுநீரில் உப்பும் உண்டு. ஆதலால் உவர் நிலத்தில் இதனை இடலாகாது. கிணற்றுக்கு அருகிலும் கூடாது. மண்ணின் வளம் நிலைக்கக் கம்போஸ்டு எருவும் வேண்டும். சிறுநீர் அதற்கு ஈடாகாது.

பஞ்சாயத்தின் கடமை

மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் பணியில் எவரையும் அமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டு உரத்தின் பெயரால் அந்தப் பழங்கொடுமை வேறு உருவில் திரும்ப இடந்தரலாகாது. தம் வீட்டுக் குடுவையைத் தாமே தூக்கி, தம் பாத்தியில் தாமே ஊற்ற முன்வருவோருக்கே இம்முறை உரியது. கூலி கொடுத்துப் பிறரை ஏவ நினைப்போர் இதனைத் தொடங்காதிருப்பதே நன்று.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் முதலில் தம் இல்லத்தில் சம அளவுள்ள இரு கத்தரிப் பாத்திகள் அமைத்து, ஒன்றுக்கு மட்டும் இவ்வுரத்தை இட்டு, இரண்டின் விளைச்சலையும் நிறுத்துப் பார்க்கட்டும். அதனை ஊராருக்கும் காட்டட்டும். நாம் சொல்லும் நூறு சொற்களினும் அந்த இரு பாத்திகளே ஊராருக்கு நல்ல பாடமாக அமையும்.