கச்சான் காற்றில் கருகும் அந்தூரியம்

ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மணம் கூட்டும் அதே வறண்ட கச்சான், எல்லப் பக்கத்து வீடுகளில் அந்தூரியத்தின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

1. சாடியைக் காற்றடிக்கும் ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

2. நாலைந்து சாடிகளை நெருக்கி வையுங்கள். ஒன்றின் இலை விடும் ஈரம் மற்றதற்கும் உதவும்.

3. மண்ணின்மேல் ஊறவைத்த தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளைப் பரப்புங்கள், மெதுவாகத்தான் காயும். (இலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான்.)

4. அடித்தட்டில் சரளைக்கல் போட்டு, கல் மூழ்காமல் தண்ணீர் விடுங்கள்; சாடியின் அடி நனைந்தே கிடந்தால் வேர் அழுகும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

5. ஐப்பசி மழை பிடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். வெயில் தலைகாட்டும்போது ஜன்னலைத் திறங்கள். அடைத்தே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.