லைடெஸ்டோர்ஃப்: எல்லைப்புற ஊரின் வணிகர்

சான் பிரான்சிஸ்கோ என்றதும் வானளாவிய மாளிகைகளே நம் நினைவிற்கு வரும். ஆனால் 1841ஆம் ஆண்டில் அவ்விடம் மெக்சிக்கோ நாட்டின் வட எல்லையில் கிடந்த சிற்றூர். பெயர் யெர்பா புவெனா. அவ்வாண்டில் 'ஜூலியா ஆன்' என்னும் பாய்மரக் கப்பலின் தலைவராக அங்கு வந்த வில்லியம் லைடெஸ்டோர்ஃபின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இவர் 1810இல் கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவிற் பிறந்தார். தந்தையார் ஐரோப்பியர். அன்னையார் அன்னா மரியா ஸ்பார்க்ஸ் ஆப்பிரிக்க மரபு கலந்தவர். அத்தீவில் 1848 வரை அடிமைமுறை நிலவியது என்பதை எண்ணினால், இவர் ஏறிவந்த படிகளின் செங்குத்து நமக்கு விளங்கும்.

ஹவாய்த் தீவுகளுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே மாட்டுத்தோல், கொழுப்பு, சர்க்கரை முதலியவற்றில் வணிகம் செய்து இவர் பொருளீட்டினார். 1844இல் மெக்சிக்கோவின் குடிமகனாகி, அமெரிக்கன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 35,000 ஏக்கர் நிலம் பெற்றார். மறு ஆண்டிலேயே அமெரிக்க ஐக்கிய நாட்டின் துணைத் தூதராக நியமிக்கப்பட்டார். ஒரு நாட்டின் குடிமகன் மற்றொரு நாட்டின் பிரதிநிதி! எல்லைப்புறங்களில் இத்தகைய விந்தைகளும் நடந்தன. 1846இல் அமெரிக்கக் கொடி அவ்வூரில் ஏறியது.

பண்டகசாலையும் விடுதியும் கட்டிய இவர், 1847இல் 'சிட்கா' என்னும் சிறு நீராவிப் படகையும் அவ்விரிகுடாவில் முதன்முதலாக ஓட்டுவித்தார். அதன் நீளம் 37 அடியே. சாக்ரமென்டோவை அடைய அதற்கு ஆறு நாட்களுக்கு மேல் பிடித்தது. திரும்பும் வழியில் எருதுகள் பூட்டிய வண்டி அதனை முந்தியதாம்! சில மாதங்களில் புயலொன்றில் அது மூழ்கியது.

அவ்வாண்டில் ஊரின் மக்கட்டொகை 459. சான் பிரான்சிஸ்கோ என்று புதுப்பெயர் பூண்டிருந்த அவ்வூரின் முதல் நகர சபைக்குத் தெரிவாகி, பொருளாளராகவும் பள்ளிக் குழுவின் உறுப்பினராகவும் இவர் பணியாற்றினார். கப்பலையும் விடுதியையும் தம் ஆதாயத்திற்காக நடத்தியவர், ஆதாயமற்ற இப்பணியையும் ஏற்றதை நாம் குறிப்பாகப் போற்றுகின்றோம். 1848 ஏப்ரல் 3ஆம் நாள் அவ்வூரின் முதற் பொதுப்பள்ளி திறக்கப்பட்டது.

அதே ஆண்டு சனவரியில் அமெரிக்கன் ஆற்றில் பொன் கண்டெடுக்கப்பட்டிருந்தது. செய்தி பரவவே மக்கள் ஊரைவிட்டு மலைக்கு விரைந்தனர். ஆசிரியரும் சென்றார், பள்ளியும் மூடப்பட்டது. லைடெஸ்டோர்ஃபோ மே 18ஆம் நாள் காய்ச்சலால் மறைந்தார். அகவை 37. கடன் மிகுந்ததாயிருந்த அவர்தம் சொத்து, பொன் வேட்கையால் பன்மடங்கு மதிப்புற்றது.

மணமாகாதவராதலின் உரிமை தாயைச் சேர்ந்தது. ஜோசப் ஃபோல்சம் என்னும் படை அதிகாரி 1849இல் செயின்ட் குரோய்க்குச் சென்று, கலிபோர்னியாவைக் கண்டறியாத அத்தாயிடமிருந்து சொத்தனைத்தையும் 75,000 டாலருக்கு வாங்கினார். அந்நிலத்தில் எழுந்த நகரம் ஃபோல்சம் எனப் பெயர் பெற்றது. லைடெஸ்டோர்ஃபின் பெயரைச் சான் பிரான்சிஸ்கோவின் வங்கிகளுக்கிடையே குறுகிய தெருவொன்று தாங்கி நிற்கின்றது.