பேட்டரி ஸ்க்ரூடிரைவர் சரிப்படுமா?

கேள்வி: பழைய செல்போன், லேப்டாப்களை வீட்டிலேயே பிரித்துப் பழுது பார்க்கிறேன். சின்ன ஸ்க்ரூக்களைத் திருகித் திருகி விரல் வலிக்கிறது. பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூடிரைவர் வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் கழற்றுவதற்கு. வீட்டில் இருக்கிறதே என்று டிரில்லை எடுத்துவிடாதீர்கள். சாதாரண கார்ட்லெஸ் டிரில்லே 20, 30 நியூட்டன் மீட்டர் முறுக்கும். லேப்டாப்பின் 2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 0.2, 0.3 போதும். பேனா போல வரும் குட்டி மோட்டார் வகைதான் உங்களுக்கு.

இறுகிக் கிடப்பதை முதல் சுற்று கையால் தளர்த்துங்கள். மீதியை மோட்டார் பார்த்துக்கொள்ளும். மாட்டும்போது கையால் முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். மரையோடு மரை சேரும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம். மோட்டாருக்கு இந்த உணர்வு ஏது? கோணலாகப் புகுந்தாலும் ஓட்டிக்கொண்டே போகும். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரையே பெயர்ந்து கூடவே சுற்றும். கடைசி இறுக்கமும் கையால்தான்.

ஐபோன் என்றால் கூடுதல் வம்பு. உள்ளே ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. குட்டையானதன் குழியில் நெட்டையைச் செலுத்தினால் போர்டுக்குள் ஓடும் செம்புத் தடங்களையே அறுத்துவிடும். கழற்றும்போதே தாளில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் ஒட்டிவையுங்கள்.