மிக்சர் வாங்கப் போகிறீர்களா?

கொறிக்கும் மிக்சரைப் பற்றி அன்று. பல ஒலிகளைக் கலந்து ஒன்றாக்கும் மின்கருவியைப் பற்றியே கூறப் போகிறேன். அறையிலேயே ஒலிப்பதிவு செய்ய விழைவோர்க்கு என் அனுபவம் பாடமாகட்டும்.

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ராக்கில் பொருத்தும் சிறு மிக்சர் ஒன்று வாங்கினேன். "எட்டு வழி" என்று அதில் கண்டிருந்தது. சென்ற பொங்கல் விழாவிற்காக நால்வர் பாட வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. மைக்குக்குரிய பெருக்கிகள் இரண்டே! ஏனைய ஆறும் கீபோர்டு போன்றவற்றிற்கு உரியவை. மைக் தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டே. அதனை ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்த ஏறத்தாழ 1,000 மடங்கு, அதாவது 60 டெசிபெல், பெருக்கவேண்டும். எனவே மைக் ஒன்றுக்கு இருவராக நின்று பாடினர். மெல்லிய குரலுடைய நண்பர் பாடியது பதிவில் கேட்கவேயில்லை. படிப்பு முடிந்த அவரோ மறுநாளே ஊர் சென்றுவிட்டார்.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் இவற்றை நினைவிற் கொள்ளுங்கள்:

1. வழிகளை எண்ணாதீர்கள், மைக் பெருக்கிகளை எண்ணுங்கள்.

2. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் கிடைக்குமா என்று பாருங்கள்.

3. ராக்கின் அகலம் 19 அங்குலம். ஓர் அடுக்கின் உயரம் 1.75 அங்குலம். உயரம் குறைந்தால் குமிழ்கள் நெருங்கும். உங்கள் விரல்களால் திருப்பிப் பாருங்கள்.

4. கணினிக்கு ஒவ்வொரு குரலும் தனித்தடமாகச் செல்லுமா என்று கேளுங்கள். கலந்தபின் ஒரு குரலை மட்டும் உயர்த்துவது எளிதன்று.

கருவியை மீண்டும் வாங்கலாம். ஊர் சென்ற குரலை வாங்க இயலுமா?