மழைக்காலத்துக்குக் காரைத் தயார் செய்வோம்

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் நெருங்கியதும் கார் வைத்திருப்போர் டயரை மாற்றுவார்கள், பாட்டரியைச் சோதிப்பார்கள். செங்கற்பட்டிலும் மாமல்லபுரத்திலும் பனிக்கட்டி ஏது? ஆனால் நமக்கும் ஒரு சோதனைக் காலம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் அது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஏரிகள் நிறைந்த இப்பகுதியில் ஏரி நிரம்பி வழிந்தால், நீர் சாலைகளின் மேலேயே ஓடும். அப்போது ஒரு சிறிய கார் என்ன பாடுபடும்? நீங்கள் வகுப்பில் படித்த மூன்று பாடங்கள் இதற்கு விடை சொல்லும்.

முதல் பாடம்: உராய்வு

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் செல்கிறது. திடீரென ஓர் ஆடு குறுக்கே வருகிறது. ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் கார் 17 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு நிற்பதற்கு எவ்வளவு தூரம் தேவை? வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் இரண்டின் பெருக்கற்பலனைப் போல் இருமடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். காய்ந்த சாலையில் குணகம் சுமார் 0.7, விடை 20 மீட்டர். நனைந்த சாலையில் சுமார் 0.4, விடை 35 மீட்டர். பனிக்கட்டியின் மேல் சுமார் 0.1தான், விடை 140 மீட்டர்! மழையில் வேகத்தை 40 கி.மீ. ஆகக் குறைத்தால் 16 மீட்டரே போதும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைய, தூரம் பாதிக்கும் கீழே போவதைக் கவனித்தீர்களா?

டயரில் உள்ள வரிப்பள்ளங்கள் அழகுக்காக அல்ல. சக்கரத்தின் அடியில் சிக்கும் நீரை அவை வெளியேற்றுகின்றன. மொட்டை டயரில் நீர் வெளியேற வழியில்லை. வேகமும் அதிகமானால் டயர் சாலையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். ஸ்டீரிங்கும் பிரேக்கும் பயன்படா. கார் டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. காற்றழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாம் பாடம்: ஆர்க்கிமிடீஸ்

800 கிலோ எடையுள்ள காரின் அடித்தளம் 3.5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உடையது என்க. பரப்பு 5.25 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் நீர் 1 செ.மீ. உயர்ந்தால், 52.5 லிட்டர் நீர் விலக்கப்படும், அதாவது 52.5 கிலோ எடையைத் தாங்கும் மேல்நோக்கு விசை கிடைக்கும். ஆகவே 15 செ.மீ. உயர்ந்ததும், உள்ளே நீர் புகாத கார் மிதக்கும்! அடித்தளம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருந்தால், மொத்தம் 32 செ.மீ. நீர். அது பெரியவரின் முழங்காலுக்குக் கீழேதான்! மிதப்பதற்கு முன்பே சக்கரங்களின் பிடிப்பு குறைந்துவிடுவதால், ஓடும் நீர் காரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆழம் தெரியாத ஓடுநீரில் காரை இறக்கவே கூடாது.

நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்ப முயலாதீர்கள் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கலாம். நீரை அமுக்க முடியாது. நீர் புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

மூன்றாம் பாடம்: துரு

பனி நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுவார்கள். உப்பு, நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது. ஆனால் அதே உப்புதான் காரின் அடிப்பாகத்தையும் அரிக்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை யாரும் உப்பைத் தூவ வேண்டியதில்லை, கடற்காற்றே கொண்டுவருகிறது! இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், துருப்பிடிக்கும் வினை விரைவாகிறது. கடற்கரைக்குப் போய் வந்த காரை, அடிப்பாகம் உட்பட நல்ல தண்ணீரில் கழுவுவதும், பெயிண்ட் உதிர்ந்த இடத்தை உடனே பூசுவதும் இதற்காகவே.

மழைக்கு முன், டயர், பிரேக், வைப்பர் ரப்பர், விளக்குகள், பாட்டரி ஆகிய ஐந்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

மூன்று ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறும் நீரிலும், ஒன்றை உப்பு நீரிலும், எண்ணெய் தடவிய ஒன்றை உப்பு நீரிலும் பாதி மூழ்க வையுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்து எழுதி வாருங்கள். எந்த ஆணி முதலில் துருப்பிடித்தது? ஏன்?