வியப்பும் திரைப்படமும்

சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் ஆடித்தபசு விழா நடைபெறும். கோமதியம்மனுக்கு இறைவன் வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் காட்சி தரும் வேளையில், நரைத்த முதியோரும் குழந்தைகளைப் போலக் கண் இமையாது நிற்பர். வியக்கும் உள்ளம் முதுமையால் அழிவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

அங்ஙனமாயின், பெரியோர்க்கென எடுக்கப்படும் திரைப்படங்களுட் பல வியப்பூட்டாமைக்குக் காரணம் யாது? அவை நாள்தோறும் நாம் காணும் பூசல்களையே காட்டுகின்றன; கருத்து முழுவதையும் உரையாடலாலேயே விளக்கிவிடுகின்றன. காண்போர் தாமே கற்பனை செய்தற்கு இடம் எஞ்சுவதில்லை. மாயக்காட்சிகள் சிறுவர்க்கே உரியன என்னும் எண்ணமும் ஒரு தடையாகும்.

1957-இல் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் வெளிவந்த 'மாயா பஜார்' இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. கடோற்கசனாக நடித்த ரங்காராவின் வாயினுள் லட்டுகள் தாமே பறந்து புகுந்தன. அது மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் திறன் என்று அறிந்த பெரியோரும் சிறுவரோடு சேர்ந்து வியந்தனர். அறிதல் வியத்தலுக்குப் பகையன்று.

வாழ்க்கையை உள்ளவாறு காட்டுதலும் கலையே. ஆயினும், இல்லாததை எண்ணிப் பார்க்க இயலாதவர் புதியதொன்றை ஆக்குதல் அரிது. ஆதலின், அறிவு வளருந்தோறும் வியப்பும் உடன்வளர்தல் வேண்டும்.