வீட்டை அவர்கள் கட்டிக்கொள்வார்கள்

அன்புத் தங்கைக்கு,

நகரமைப்புப் பட்டம் வாங்கி, திட்ட அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். அந்த நாற்காலிக்கு வரப்போகும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

1925இல் சிகாகோவைப் பார்த்து சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் வரைந்த நகர வளர்ச்சி வட்டங்களை நீயும் பரீட்சையில் வரைந்திருப்பாய். அவை நம் ஊருக்குப் பொருந்தாதவை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். மனதைவிட்டு அவ்வளவு சுலபமாகப் போகாதது இன்னொன்று: முதலில் திட்டம், பிறகு சாலையும் குழாயும், பிறகு வீடு, கடைசியில் ஆள் என்ற வரிசை. நம் புறநகரில் ஆள்தான் முதலில் வருகிறார். ஏரியோரம் ஒரு கொட்டகை, கொஞ்ச நாளில் மின் இணைப்பு, லாரித் தண்ணீர், ஏதோ ஒரு தேர்தலுக்கு முன் தார்ச்சாலை. வரைபடம் வரும்போது அங்கே மாடி எழும்பியிருக்கும். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவர வேண்டியிருந்தது. இதையெல்லாம் விதிமீறல் என்று எழுதி மூடிவிட்டால் நகரத்தின் பெரும்பகுதி உன் கோப்புக்கு வெளியே நிற்கும்.

கராச்சியின் ஒராங்கியைப் படி. வகுப்பில் ஒரு பத்தியில் கடந்திருப்பார்கள். அரசு சாக்கடை போட்டுத் தரும் என்று காத்திருந்த குடியிருப்பு அது. 1980இல் அங்கே வேலை தொடங்கிய அக்தர் ஹமீது கான் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துச் சாக்கடை, அவை சேரும் துணைக்குழாய் மூன்றும் மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இருபது முப்பது வீடுள்ள சந்து தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்து பணம் திரட்டியது. அவருடைய அமைப்பு அளவெடுத்து, வரைபடமும் மதிப்பீடும் கருவிகளும் தந்தது. ஒப்பந்ததாரர் இல்லாததாலும் வடிவமைப்பை எளிமையாக்கியதாலும் செலவு பெருமளவு இறங்கியது. இதை ஏழைகளின் சாமர்த்தியக் கதையாக மட்டும் சொல்பவர்களை நம்பாதே. சந்து தன் பங்கை முடித்த இடங்களிலும் கழிவு ஓடைகளில்தான் போய் விழுந்தது. அதற்கு மேல் செய்ய எந்தச் சந்தாலும் முடியாது.

நாம் இந்தப் பிரிவினையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மக்கள் தாங்களே படிப்படியாகக் கட்டிக்கொள்ளக்கூடிய வீட்டை அரசு சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் எட்டு மாடியாக அடுக்கியது. அரசு மட்டுமே காக்கக்கூடிய பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டப்பட்டது, கட்டடங்கள் எழுந்தன. கூவம் கரையிலிருந்து வெள்ளத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்டவர்கள், மழைநீர் தேங்கும் அந்தத் தாழ்வுப் பகுதிக்கே போய்ச் சேர்ந்தார்கள். இத்தனைக்கும் 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து வீட்டை மக்களிடம் விட்டுப் பார்த்த ஊர்தான் இது.

யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்பாய். 1992இன் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சிக்குரிய பட்டியலின் முதல் வரியில் வைத்தது. ஆனால் சென்னையில் திட்டம் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம், கழிவுநீர் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். 2016 முதல் 2022 வரை அந்த மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லை. இப்போது இருக்கிறார், உன் மேலதிகாரி முகம் சுளித்தாலும் அவரைப் போய்ப் பார். எந்தத் தெரு எந்த மழைக்கு முழுகும் என்று அவருக்குத் தெரியும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும்தான். ஆட்கள் இனிமேல்தான் வருவார்கள். அதற்குள் கிராமத்துப் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஏரிநீரைப் பங்கிட்டுத் திறந்துவிட்ட பழைய நீர்க்கட்டி எவராவது இருந்தால் கூட அழைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஏரிக்கும் கலங்கல் எது, உபரிநீர் எந்த வழியே அடுத்த ஏரிக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டு வா. பேருந்து திரும்பும் அகலத்தில் சாலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் இடம் ஒதுக்கு. மனைக்குள் சமையலறை எந்த மூலையில் என்பதில் தலையிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்